தாடிக்காரரின் புரட்டாசி

புரட்டாசி முதல் தேதி காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் அம்மா, பண்ருட்டியிலிருந்து வந்திருந்த மாமா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை, நான். இல்லாதவர் அப்பா ஒருவர்தான். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்று காலை ஷிஃப்ட். அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவன் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் விலங்கியல். நான் அங்கேதான் இருந்தேன், சுவரில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டு.

டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் அதுவும் இருந்தது. ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான். வளர்க்கிறவர்கள் பியர்டட் டிராகன் என்பார்கள். உடம்பெல்லாம் மெத்து மெத்தென்ற முள். கோபம் வந்தால் தொண்டை உப்பிக் கறுத்துவிடும், அப்போது தாடி வைத்த ஆள் போலவே இருக்கும். தங்கை அதைத் தாடிக்காரரே என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். அம்மா அதுவரை ஒரு பெயரும் சொன்னதில்லை. அவளுக்கு அது "அந்த ஓணான்".

அது எங்களிடம் வந்தது ஆடி மாதத்தில். நான் சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். உட்கார இடம் கிடைத்தால் பொது அறிவுக் கையேட்டைப் பிரித்துக்கொள்வேன். குரூப் ஃபோர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம் அது. காத்திருக்கும்போதே அடுத்த தேர்வுக்கும் படிக்க வேண்டும். கடைக்கு மேலே ஓனருக்குச் சொந்தமான ஓர் அறை உண்டு. அதில் வாடகைக்கு இருந்த வெளிமாநில மாணவன் படிப்பை முடித்துக் காலி செய்துவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து அறையைப் பெருக்கிவிட்டு வா என்று ஓனர் சாவியைக் கொடுத்தார்.

ஜன்னல் ஓரத்தில் தொட்டி இருந்தது. உள்ளே அணைந்த பல்பு, காய்ந்து சுருண்ட கேரட் துண்டு, மூலையில் ஒரு ரப்பர் பொம்மை. பொம்மை என்றுதான் நினைத்தேன். விரலால் தொட்டபோது ஒரு கண்ணை மட்டும் திறந்தது. என் நடுவிரல் நீளத்துக்கு உடம்பு, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு வால். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அந்த மாணவனுக்குப் போன் போட்டேன். ரயிலில் கொண்டுபோக முடியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எங்காவது மரத்தடியில் விட்டுவிடுங்கள் என்றான். நல்ல பையன்தான், பேச்சில் வருத்தம் இருந்தது. ஓனர் படியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கொண்டுபோய்ப் புதரில் போடு, யாரையாவது கடித்து வைக்கப்போகிறது என்றார்.

புதரில் விட்டால் சாயங்காலத்துக்குள் காக்கை தூக்கிவிடும். காக்கை விட்டால் பையன்கள் கல்லால் அடிப்பார்கள். நானே சின்ன வயதில் எத்தனை ஓணான் அடித்திருப்பேன். செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு அதை பஸ்ஸில் கொண்டுவந்தேன். மறுநாள் தொட்டி வந்தது, என் மடியில். கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

கல்லூரியில் ஊர்வன பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி எழுதியிருக்கிறேன். வெளிச்சூட்டை வைத்துத்தான் அவற்றின் உடம்பு இயங்கும் என்று கோடிட்டு எழுதினேன், முழு மதிப்பெண். உயிரோடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டபோது அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். குட்டிக்கு தினமும் இரண்டு வேளை பூச்சி வேண்டும். வளர்ந்த பிறகுதான் தழை ஜாஸ்தி, பூச்சி கம்மி. சூடான இடத்தில் உட்கார்ந்தால்தான் தின்றது செரிக்கும். வெயில் உடம்பில் படவேண்டும், பூச்சிமேல் கால்சியம் பொடி தூவ வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு வளைந்துபோகும். போடுகிற பூச்சி அதன் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள அகலத்தைவிடப் பருமனாக இருக்கக்கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தை அப்பா உடனே பிடித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் எதைப் படித்துச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பாதியாக உடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் நீளமான வெட்டுக்கிளி வேண்டாம் என்று அவரே ஓர் அளவு வைத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வரும்போது கம்பெனிச் சாலை ஓரத்துப் புல்லில் குனிந்து குனிந்து பிடித்து, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் போட்டுக்கொண்டு வருவார். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா மச்சான், கேன்டீன் சோறு பத்தலியா, வெட்டுக்கிளி புடிக்கிற?" என்று கேட்டார்களாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த அடுக்கைத் தனியாக எடுத்து வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, அதற்குப் பதில் புது அடுக்கு வாங்கித்தரச் சொன்னாள்.

கால்சியத்துக்கு முட்டை ஓடு. தங்கை அதைக் கழுவி வறுத்து, பிடி ஒடிந்த மிக்சி ஜாரில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து வைப்பாள். வெட்டுக்கிளிகளை அந்தப் பொடியில் ஒரு குலுக்குக் குலுக்கித் தொட்டியில் விட்டால், மாவு பூசிய பூச்சிகள் ஓடும், தாடிக்காரர் பின்னால் ஓடுவார். நாக்கு வெளியே வந்து போவது தெரியாது. பூச்சி காணாமல் போவதுதான் தெரியும். காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் கூடைக்குள் வெயில். ஆவணி முடிவதற்குள் வாலோடு சேர்த்து ஒரு சாணுக்கு நன்றாக மேலேயே வந்துவிட்டது. அப்பா தொட்டியண்டை போனால் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுற்றும். பெரிய விலங்கைப் பார்த்து, உன்னோடு மோதமாட்டேன் என்று சொல்கிற சைகை என்று படித்திருந்தேன். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. "எனக்கு சலாம் போடுது பாரு" என்று அவர் சொல்லும்போது முகம் நன்றாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் புரட்டாசி பிறந்தது.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை தளிகை போட்டு, இலையில் படைத்து, கோவிந்தா சொல்லிவிட்டுத்தான் சாப்பாடு. இந்த வருடம் அம்மா அதற்குமேல் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். எனக்கு வேலை கிடைக்க வேண்டும். அதற்காக நான்கு சனிக்கிழமையும் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு வெறுங்காலில் நடப்பாள். மாதம் முழுக்க வீட்டுக்குள் ஓர் உயிர் சாகக்கூடாது. கொசுவத்திகூட ஏற்றமாட்டாள். என் தேர்வு எண் எழுதிய சீட்டு ஆவணியிலேயே பெருமாள் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

மாமா அம்மாவின் அண்ணன். பண்ருட்டியில் முந்திரி மண்டியில் கணக்கெழுதுகிறார். என்னைக் கல்லூரியில் சேர்க்க அப்பா போகவில்லை, அந்த அலுவலகத்தில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மாமாதான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். முதல் தேதி காலை நாமக்கட்டியும் துளசி மாலையுமாக வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். தங்கை வெகுளியாக வெட்டுக்கிளி, பாச்சை, சில சமயம் கரையான் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

மாமா காப்பியைக் கீழே வைத்தார். "வூட்டுக்குள்ளயா? மாப்ளைக்கு ரிசல்ட் வர்ற வருசம்மா இது."

அம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அதுவும் நம்ம வூட்டு உசுருதானேண்ணா. அதுவும் இருக்கட்டும் விரதம். அஞ்சு பேருமா இருந்துடுறோம்."

அஞ்சு பேர். இரண்டு மாதமாக அந்த ஓணான், அந்த ஓணான் என்றவள் முதல்முறையாக அதை எங்களோடு சேர்த்து எண்ணினாள். தங்கை என் பக்கம் திரும்பினாள். "ண்ணா, குட்டிக்குப் பூச்சிதான் முக்கியம்னு நீதானே சொன்ன?"

சொல்லியிருந்தேன். பல தடவை சொல்லியிருந்தேன். அந்த நிமிடத்தில் என் முன்னால் இருந்தவை அம்மாவின் முகம், மாமாவின் நெற்றியில் புதிதாகப் போட்ட நாமம், பெருமாள் படம், அதற்குப் பின்னால் என் எண். வேண்டுதலில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். இல்லாமலே பயந்தேன். ரிசல்ட்டில் என் எண் இல்லாமல் போனால் இந்தப் பூச்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள், ஒருவேளை நானும் நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

"ஒரு மாசம்தானே," என்றேன். "தழையும் சாப்புடும்."

மாமா எழுந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதல் நான்கு நாள் அது ஒன்றும் தின்னவில்லை. முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, துருவிய பூசணி எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போய்க் கண்ணாடி ஓரத்தில் நின்று அப்பா வரும் நேரத்துக்கு வாசலைப் பார்க்கும். அப்பா வந்தார், வெறும் கையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டபோது என்னைத்தான் பார்த்தார், "படிச்சவன் நீ, உனக்குத் தெரியாததா" என்றார், குளிக்கப் போய்விட்டார். அது குத்தலாகச் சொன்னதல்ல. நம்பித்தான் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள் அம்மா பின்பக்கத்துக் கொடியிலிருந்து பூசணிப் பூ ஒன்றைப் பறித்துவந்து தொட்டியில் வைத்தாள். மஞ்சள் நிறம் அதை இழுத்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரே கடியாகக் கடித்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாருங்கள், அதுவே விரதத்துக்கு வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்ததும் அவள் முதல் வேலை பூசணிப் பூ. சனிக்கிழமை தளிகையன்று நான்கு இலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இலையைக் கிள்ளி வைத்து, அதில் கீரையும் பூவும் வைத்து, எங்களோடு சேர்த்து அதற்கும் கற்பூரம் காட்டினாள். முட்டை ஓட்டுப் பொடி டப்பாவை முதல் தேதியே குப்பையில் போட்டிருந்தாள். அவ்வளவு அன்பாக யாரும் எதையும் பட்டினி போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு எல்லாம் தெரிந்தது. வாலின் அடிப்பகுதி மெலிந்தது தெரிந்தது. முதலில் காலைத் தூக்கி நடந்தது, பிறகு வயிற்றைத் தரையில் இழுத்து நடந்தது. வானம் மூடியே கிடந்ததால் மாடி வெயிலும் இல்லை. பஸ்ஸில் கையேட்டைப் பிரிக்காமல் போனில் அதன் நோய்களைப் படித்துக்கொண்டே போவேன். படித்து முடித்துவிட்டு, இன்னும் பதினெட்டு நாள், இன்னும் பதினைந்து நாள் என்று எண்ணுவேன்.

நடுவில் ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. கதவைச் சாத்துவதற்குள் ட்யூப்லைட்டைச் சுற்றி நூறு இருநூறு. இறக்கை உதிர்ந்து தரையெல்லாம் ஊர்ந்தன, தொட்டியின் கண்ணாடிமேலும் வெளிப்பக்கமாக ஏறின. மூன்று நாளாகக் கண்ணைத் திறக்காமல் கிடந்த தாடிக்காரர் எழுந்தார். கண்ணாடியில் முட்டினார். டப். உள்ளே இருந்து அவர் நாக்கை நீட்ட, வெளியே ஈசல் அதன் மேலேயே ஊர்ந்தது. டப், டப் என்று அரை மணி நேரம். மூடியை ஓரங்குலம் நகர்த்தினால் போதும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், தங்கை கதவோரம் நின்றாள், அம்மா ஒன்றும் நசுங்கிவிடாதபடி மயிலிறகால் தடவுவதுபோல ஈசலை முறத்தில் வாரி வெளியே விட்டுவிட்டு வந்தாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

தங்கை துணிந்தது அதற்குப் பிறகுதான். மூன்றாம் சனிக்கிழமை அம்மா கோயிலுக்கு நடந்து போயிருந்தபோது குளியலறையில் ஒரு பாச்சையைப் பிடித்துப் போட்டிருக்கிறாள். ஒரே ஒரு பாச்சை. அதன் கால் ஒன்று மணலில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. மறுநாள் காலை பூ வைக்கப் போன அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

அம்மா கத்தவில்லை. அந்தக் காலை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கொப்புளம் போட்டிருந்த பாதங்களை நீட்டித் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, யார் என்று கேட்டாள்.

"நான்தாம்மா," என்றாள் தங்கை. "செத்துடும்மா அது."

"உங்கண்ணன் வாழ்க்கடி இது."

தங்கை என்னைப் பார்த்தாள். முதல் தேதி பார்த்த அதே பார்வை. எனக்கு அப்போது வந்த கோபம் எதன் மேல் என்று இன்றுவரை விளங்கவில்லை. ஒரு மாதம் பொறுக்க முடியாதா, உன்னை யார் கேட்டது, பெரிய டாக்டரா நீ என்று அம்மாவின் முன்னாலேயே அவளைத் திட்டினேன். அவள் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட நினைவில்லாமல் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு நான்கு நாள் முன்பு, கடையில் பைண்டிங் வேலை நெருக்கிய ஒரு மத்தியானம், பக்கத்து பேக்கரியில் நான் முட்டை பஃப் இரண்டு தின்றிருந்தேன். விரதம் வீட்டுக்குள்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தின்றேன். அப்பா கம்பெனி கேன்டீனில் புதன்கிழமை தோறும் முட்டைக் குழம்பு வாங்குவார் என்பதும் எனக்குத் தெரியும், நான் தின்றது அவருக்குத் தெரியாது. அந்த மாதம் முழுக்க அம்மா ஒருத்திதான் சரியாக இருந்தாள். தாடிக்காரரும், அந்த ஒரு பாச்சையைத் தவிர.

ஐப்பசி முதல் தேதி தெருவே மீன் மணத்தது. அம்மா விடியற்காலையிலேயே துறைமுகம் போய்ச் சங்கரா வாங்கிவந்தாள். அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஆணியில் மாட்டியிருந்த அந்தப் பழைய அடுக்கு நிறைய வெட்டுக்கிளி. போகும்போதே அதைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார். குளிக்காமல், சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். "தாடிக்காரரே, வாங்க, விரதம் முடிஞ்சிடுச்சு" என்று ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்.

அது தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது, மூட முடியவில்லை. கீழ்த்தாடை ஒருபக்கமாகக் கோணியது. ரப்பர் போல. முன்னங்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வெட்டுக்கிளி தாவி அதன் தலைமேலேயே உட்கார்ந்து மீசையை ஆட்டியது. அப்பா அதைத் தட்டிவிட்டார். இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து பாதித் தீக்குச்சியை எடுத்து, ஒருவேளை பெரிதாகப் பிடித்துவிட்டோமோ என்று அளந்து பார்த்தார்.

அன்றே புதுச்சேரிக்கு ஆட்டோ பிடித்தோம், அப்பாவும் நானும். பறவை, முயல் எல்லாம் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் லேசாகக் கிழித்த கோடு. இரண்டு காலில் முறிவு. எப்போது முறிந்தது என்று எங்களுக்கே தெரியாது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். வளர்கிற குட்டிக்கு ஒரு மாதம் என்பது நமக்கு இரண்டு மூன்று வருடம் மாதிரி என்று மட்டும் சொன்னார். பிறகு சாதாரணமாக, நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார்.

"பி.காம்," என்றேன்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். என் பட்டம் என்ன என்று அவருக்குத் தெரியும்; பட்டமளிப்பு விழாப் போட்டோ எங்கள் வீட்டு வாசலைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த செருப்பு டப்பாவின் மூடியைச் சரியாக வைத்து மூடினார்.

ஊசி போட்டார்கள். ஒரு தூளைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரம் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை. தங்கை பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா வீட்டு வேலை எதையும் தொடவில்லை. சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் இன்னொரு ஊசிக்காகத் திரும்பப் போனோம். நான்காம் நாள் மத்தியானம் வீட்டில் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள். அப்பா ஷிஃப்டில், நான் சிதம்பரத்தில், யாரோ ஒருவருடைய ப்ராஜெக்ட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் தங்கை ஒரு வரிதான் சொன்னாள்.

பின்பக்கத்தில், பூசணிக் கொடி ஓரத்தில் புதைத்தார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது மண்மேல் ஒரு பூ இருந்தது. அம்மா என்னிடம், "நான் நல்லதுக்குத்தான்டா பண்ணேன்" என்றாள். தெரியும்மா என்றேன். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை.

ரிசல்ட் அடுத்த வாரம் வந்தது. கடையில் வரிசையாக வந்தவர்களுக்கெல்லாம் பார்த்துக் கொடுத்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் என்னுடையதைப் போட்டேன். என் தரவரிசை எங்கோ கிடந்தது. கொஞ்சத்தில் தவறியது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. கணக்கில் பாதிக் கேள்வி எனக்குத் தெரியவே தெரியாது, அதுதான் நடந்தது. ஒரு பாச்சையால் அத்தனை மதிப்பெண் போகாது.

மாமாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கே பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். வேண்டுதல் நடுவில் உடைந்துவிட்டது, உடைத்த கையே போய்ப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றார். தங்கையைத் திருவந்திபுரத்துக்கு அழைத்துப்போய்ப் பூமுடி கொடுக்க வைத்தார்கள். மூன்று கற்றைதான், பின்னினால் தெரியாது என்றாள் அம்மா. முட்டைக் குழம்பு தின்ற அப்பா கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஃப் தின்ற நான் தங்கைக்குப் பக்கத்தில், அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் வரைக்கும் வந்தது. மாமா இருந்தார், அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் அங்கேயும் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "ஒண்ணுதாண்ணா போட்டேன். இன்னும் நாலு போட்டிருக்கணும்."

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கடையில் ஓனர் தொட்டியைப் பற்றி விசாரித்தார். அந்த ஓணான் இருக்கிறதா என்றார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஜெராக்ஸ் மிஷினின் மூடியை இறக்கி விசையை அழுத்திவிட்டு, "மேல ரூமு அன்னையிலேருந்து சும்மாத்தானடா கெடக்குது. ஒரு மாசம் இங்க வெச்சிப் பூச்சி போட்டிருக்கலாமே. கேட்டிருந்தா நானா வேணாம்னு சொல்லப்போறேன்" என்றார்.

கேட்கவில்லை. அந்த அறையின் சாவி ஒரு மாதமும் என் கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்கியது. புதரில் போடு என்றவர் என்ன சொல்வார் என்று நானே முடிவு செய்துகொண்டு, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை. அப்பாவுக்கு வந்த போனஸ் முழுவதும், அதற்குமேல் கொஞ்சமும் இதிலேயே போய்விட்டது. தங்கை தனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்பா எல்லா ரசீதையும் அந்தப் பழைய டிபன் அடுக்கில் போட்டு வைத்திருந்தார். கூட்டிச் சொல்லச் சொல்லி என்னிடம் கொடுத்தார், நான்தான் படித்தவன். இரண்டு தடவை போய்வந்த ஆட்டோ, டாக்டர், எக்ஸ்ரே, ஊசி, பாதிகூடத் தீராத அந்தத் தூள் டப்பா, கடைசியில் பூமுடிச் சீட்டு. ஐயாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.